கோட்டுக்குக் கீழே

நூல்களை விமர்சிக்கிறோம். நாடகங்களை விமர்சிக்கிறோம். திரையில் ஆடும் நிழல்களையும் நாம் விட்டுவைப்பதில்லை. ஆனால், ஆண்டுதோறும் மே திங்களில் வெளிவந்து, எந்தப் புலவரின் நூலும் பெறாத வாசகர் கூட்டத்தைப் பெற்று, ஏழைத் தந்தையின் மடியிலுள்ள பணத்தையும் மனத்திலுள்ள நம்பிக்கையையும் ஒருங்கே பறித்துச் செல்லும் ஒரு படைப்பை மட்டும் எவரும் விமர்சிக்கக் காணோம். பள்ளிக்கூடத்தாரின் தேர்ச்சிப் பலகையைத்தான் கூறுகிறோம். இவ்வாரம் அதனை எடுத்துக்கொள்வோம்.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் வழியில் ஒரு சிற்றூர். 2025 மே. பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்து மூன்று நாள் ஆகியிருக்கும். கடைத்தெருவில் ஒருபுறம் தேங்காய் மண்டி, மறுபுறம் பூக்கடைகள், நடுவே ஒரு தேநீர்க்கடை. அதற்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்தின் கூரையையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது அந்தப் பிளெக்ஸ் பலகை. கழுத்தில் 'டை' கட்டிய பிள்ளைகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் எண். இடது மூலையில் வீணையுடன் கலைமகள். வலது மூலையில் கைகூப்பியபடி தாளாளர். அவ்விருவருக்கும் இடையே, பிள்ளைகளின் தலைகளெல்லாம் சிறுத்துப்போகும்படியான பெரிய எழுத்தில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு, தொடர்ந்து ஏழாம் ஆண்டாக!

ஆகா, சாதனைதான்! அதே தெருக் கோடியில் இருக்கிறது அரசு உயர்நிலைப் பள்ளி. அதற்குப் பலகை இல்லை. பலகை வைக்கத் தக்க எண்ணும் அதனிடம் இல்லை. நூற்றுக்கு நூறு பெற்ற பள்ளி எங்கே, நூறுக்குக் கீழே நின்றுவிட்ட பள்ளி எங்கே என்று தேநீர் ஆற்றுகிறவர் முதல் பேருந்துக்குக் காத்திருப்பவர் வரை தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஜூன் திங்களில் எந்த வாசலில் கூட்டம் நெரியும் என்பதை அந்தத் தீர்ப்பே முடிவு செய்துவிடுகிறது.

ஓர் எழுத்தாளனை எடைபோட வேண்டுமானால் அவன் எழுதியதை மட்டும் படித்தால் போதாது. எழுதாமல் விட்டதையும் தேடவேண்டும். பலகைக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தோம். அதில் எழுதியிருப்பது, தேர்வு எழுதியவர் அனைவரும் தேறினர் என்பது. எழுதாமல் விட்டிருப்பது, எழுதவேண்டியவர் அனைவரும் எழுதினரா என்பது.

அந்தக் கேள்விக்குப் பதில், தேநீர்க்கடை பெஞ்சில் நமக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தது. மண்டியில் தேங்காய் உரிப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. நாம் பலகையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அந்தப் போர்டுல எங்காசும் இருக்கு தம்பி" என்றார்.

"உங்க பிள்ளை படம் எதுண்ணே?" என்று கேட்டோம்.

"படம் எப்புடி இருக்கும்? எல்.கே.ஜி.யில இருந்து ஒம்பதாவது வரைக்கும் அங்கதான் படிச்சான். ஒம்பதாவது முடிஞ்சதும் கூப்புட்டு விட்டாக. ஒங்க பையனுக்குக் கணக்கு வராது, பத்தாவதுல எங்க பேரைக் கெடுத்துருவான், நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா நன்னடத்தைன்னு எழுதித் தாறோம்னாக. நாங்களா குடுக்குற மாதிரி வச்சுக்கிராதியன்னாக. வாங்கிட்டேன். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல கேட்டேன். உடனே சேத்துக்கிட்டாக."

"இப்போது?"

"கணக்குல முப்பத்தொண்ணு. மத்ததெல்லாம் தேறிட்டான். காலாண்டுல ஒம்பது வாங்குன பய தம்பி. அந்த வாத்தியார் சாயங்காலம் இருக்க வச்சு இருக்க வச்சுத்தான் முப்பத்தொண்ணுக்குக் கொண்டாந்தாரு."

தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் 35. நான்கு குறைந்துவிட்டது.

தோழர்களே, நான்காம் வகுப்புக் கணக்கை ஒருமுறை நினைவுக்குக் கொண்டு வருவோம். பின்னம் என்று கற்பித்தார்கள். ஒரு கோடு, கோட்டுக்கு மேலே தொகுதி, கோட்டுக்குக் கீழே பகுதி. தேறியவர் தொகை மேலே, எழுதியவர் தொகை கீழே. அந்தப் பின்னத்தை நூறு விழுக்காட்டுக்கு உயர்த்த வழிகள் இரண்டு. மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம். அதற்குச் சுண்ணக்கட்டி தேயவேண்டும், தொண்டை வறளவேண்டும், மாலை நேரத்தில் வீடு திரும்பாமல் ஒரு பிள்ளைக்கு எதிரே அமர்ந்து, அவன் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கவேண்டும். அல்லது கீழே உள்ள எண்ணைக் குறைக்கலாம். அதற்கு ஒரே ஒரு மாற்றுச் சான்றிதழ் போதும். முன்னது ஆசிரியன் வேலை. பின்னது குமாஸ்தா வேலை. பலகையில் அச்சாகும்போது இரண்டுக்கும் ஒரே எண்தான்!

இந்த ஒரு பிள்ளையின் கதையிலே உள்ள விந்தையைப் பாருங்கள். அவன் வெளியேறியதால் ஒரு பள்ளியின் விழுக்காடு உயர்ந்தது. அவன் உள்ளே வந்ததால் மற்றொரு பள்ளியின் விழுக்காடு தாழ்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கட்டணம் வாங்கிக்கொண்டு கணக்குச் சொல்லித் தராத பள்ளிக்குப் பாராட்டு. ஒன்பது திங்களில் ஒன்பதை முப்பத்தொன்றாக்கிய பள்ளிக்குப் பழி. கடனை வாங்கியவன் கனவானாகிவிட்டான்; அதைத் தலையில் ஏற்றுக்கொண்டவன் கடன்காரனாகி நிற்கிறான். இதைத்தான் 'தரம்' என்று கூறுகின்றனர்.

ஏதோ ஒரு சிற்றூரில், ஏதோ ஒரு தாளாளர் செய்த கைவேலை இது என்று எண்ணிவிட வேண்டாம். நாட்டின் கணக்கே அப்படித்தான் எழுதப்படுகிறது. 2023ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிவை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் 8,03,385 பேர். தேறியவர் 7,55,451 பேர். விழுக்காடு 94.03. ஏடுகள் கொட்டை எழுத்தில் போட்டன. குறை கூற ஒன்றுமில்லை, கணக்குச் சரி. ஆனால், அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், தேர்வின் முதல் நாளில், மொழித்தாள் எழுத வராதவர் ஏறத்தாழ 50,000 பேர் என்ற செய்தியும் வந்ததே, அவர்கள் எங்கே போயினர்? அவர்களையும் கோட்டுக்குக் கீழே சேர்த்து வகுத்துப் பார்த்தோம். 94 அன்று, 89ஐக்கூடத் தொடவில்லை. ஐம்பதினாயிரம் பிள்ளைகள் ஒரு நாட்டின் கணக்கிலிருந்து ஒரே கோட்டால் விலக்கப்பட்டுவிட்டனர். தோற்றவர் என்ற பெயர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தோற்க வேண்டுமானாலும் பட்டியலில் இருக்கவேண்டும் அல்லவா?

காரணம் கூறப்பட்டது. கொரோனாக் காலத்தில் 2021இல் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நடவாமலே அனைவரும் தேறியவராக அறிவிக்கப்பட்ட அணி அது. இடையிலே பலர் வேலைக்குப் போயினர், பெயர் மட்டும் ஏட்டில் இருந்தது என்றனர். காரணம் மெய்யாகவே இருக்கட்டும். மெய்யானால் வேதனை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மீன்பிடிப் படகுக்கும், கட்டட வேலைக்கும், திருப்பூர்ப் பனியன் ஆலைக்கும் போய்விட்ட பிள்ளையைத் தேடிச் சென்று கை பிடித்து அழைத்து வந்தால் விழுக்காடு குறைந்துவிடும். அவன் போன வழி போகட்டும் என்று விட்டால் விழுக்காடு நிலைக்கும். எப்படிப்பட்ட அளவுகோலைச் செய்து வைத்திருக்கிறோம் நாம்!

அந்த 2021ஐயும் சற்றே நின்று பார்க்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒருசேர, மாநிலம் முழுதும், ஒரு பிள்ளை குறையாமல் தேறிய ஆண்டு அது. தேர்வே நடவாத ஆண்டும் அதுதான். பத்தாம் வகுப்புக்கு 2020ஆம் ஆண்டும் அவ்வாறே. நாம் கண்ட பலகை 'தொடர்ந்து ஏழாம் ஆண்டாக' என்று முழங்குகிறதே, அந்த ஏழில் இரண்டு, தேர்வுக்கூடத்தின் கதவே திறக்காத ஆண்டுகள்! அந்த ஈராண்டும் தெருக் கோடி அரசுப் பள்ளிக்கும் நூற்றுக்கு நூறுதான். அது மட்டும் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

கலைமகள் படம் பற்றி ஒரு வார்த்தை. தேர்வு நெருங்கும்போது நுழைவுச்சீட்டுகளையும் எழுதுகோல்களையும் கட்டுக்கட்டாகச் சன்னதியில் வைத்து அர்ச்சனை செய்து எடுத்து வரும் வழக்கம் நாடெங்கும் பெருகி வருகிறது. தேவியின் அருளில் தாளாளர்களுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால், கணக்கு வராத பிள்ளையின் சீட்டையும் அந்தக் கட்டில் வைத்திருக்கலாமே! அருளை நம்பியிருந்தால் மாற்றுச் சான்றிதழ் எதற்கு? அவர்கள் நம்புவது பகுதியைக் குறைப்பதை. நம்மை நம்பச் சொல்வது வீணையை. இந்த இரட்டை வேடத்தைக் கண்டு சிரிக்கும் இளைஞர்கள் பெருகவேண்டும்.

இப்போது நம்மை நோக்கி ஒரு குரல் வரும். "அப்படியானால் தேர்ச்சியே வேண்டாமா? அரசுப் பள்ளியில் எல்லாம் ஒழுங்காகவா நடக்கிறது?" என்பர். தேர்ச்சி வேண்டும். அதுவும் ஏழையின் பிள்ளைக்குத்தான் மிகுதியும் வேண்டும். அவனுக்குச் சொத்தில்லை, சிபாரிசு இல்லை, மாமன் வீட்டு மில் இல்லை. அரசுப் பள்ளியில் குறை உண்டு; மறைப்பது நம் வழக்கமன்று. கணக்காசிரியர் இடம் காலியாகவே கிடக்கும் பள்ளிகள் உண்டு. வகுப்பறையைவிட ஆசிரியர் அறையில் மிகுதியும் காணப்படுவோர் உண்டு. அரசுப் பள்ளியில் ஊதியம் பெற்று, தம் பிள்ளையை அந்தப் பலகைப் பள்ளியில் சேர்த்திருக்கும் ஆசிரியப் பெருமக்களும் உண்டு. அவர்கள் தம் தொழில்மீது கொடுக்கும் தீர்ப்பு அது, வேறென்ன கூறுவது! இவற்றையெல்லாம் இடித்துரைப்போம். ஆனால் இடித்துரைக்கும் கோல் நேராக இருக்கவேண்டும். வந்த பிள்ளையை வேண்டாமென்று கூறும் உரிமை ஒருவனுக்கும், எவன் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் கடமை மற்றொருவனுக்கும் இருக்கையில், இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டு, முந்தியவனுக்கு மாலை போடுவது பந்தயம் ஆகாது.

2023இல் பன்னிரண்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 89.80 விழுக்காடு, தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 99.08. ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலான இந்த இடைவெளியைக் காட்டித்தான் அரசுப் பள்ளியைப் பழிக்கின்றனர். நமக்கோ, எவரையும் தள்ளாமல், கஞ்சிக்கு இல்லாதவனையும், தனியார் பள்ளி தள்ளிவிட்டவனையும் வைத்துக்கொண்டு 89.80 எட்டியவன்தான் வியப்பூட்டுகிறான்.

அரசும் இந்த எண் மயக்கத்திலிருந்து முற்றும் விடுபட்டதில்லை. 2017இல் ஒரு நல்ல காரியம் செய்தது. மாநில அளவில் முதல் மூவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு உண்டு என்று ஆணையிட்டது. ஏன்? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் அறுவடை செய்த பள்ளிகள் மலிந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, நன்று. பழைய கள்ளத்தனம் திரும்பாமலிருக்க எவர் காவல் நிற்பார் என்று மட்டும் கேட்டுவைக்கிறோம். இவ்வளவு செய்த அரசு, ஒவ்வொரு மே திங்களிலும் எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று வரிசைப்படுத்தும் வழக்கத்தை விடவில்லை. மாவட்டம் சரிந்தால் ஆய்வுக் கூட்டம். ஆய்வுக் கூட்டத்திலே தலைமையாசிரியருக்குத் தலைகுனிவு. இருமுறை தலைகுனிந்தவர், தள்ளிவிடும் கலையைத் தாமும் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் எவரை நோவது? தனியார் வாசலில் பிறந்த நோய் அரசு வாசலையும் தட்டுகிறது. அதுதான் நம் அச்சம்.

ஒரு பள்ளியின் பெருமை எதிலே இருக்கிறது? புதுக்கோட்டைக்காரர் இதற்கு வெளியூர் போய் விடை தேடவேண்டியதில்லை. 1886இல் அந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமியை நினைத்துப் பார்ப்போம். தாய் சந்திரம்மாள் தேவதாசி குலம் என்று ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி கல்லூரித் தலைவராக இருந்தவர். மெட்ரிக்குலேசன் தேறிய மகளை ஆண்கள் மட்டுமே படித்த மகாராசா கல்லூரியில் சேர்க்க விரும்பினார். பெண் நுழைந்தால் பிள்ளைகள் கெடுவர், அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி இடம் கொடுத்தார். ஒரு பெண் பள்ளி வாசலைத் தாண்ட மன்னன் ஆணையும் தந்தையின் பதவியும் சேர்ந்து வேண்டியிருந்தன. இரண்டும் இல்லாத எத்தனை முத்துலட்சுமிகள் வாசலுக்கு வெளியே நின்றனரோ!

அந்தப் பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்றத்தில் அமர்ந்து துணைத் தலைவராக விளங்கினார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் மூட்டிய கனல் 1947இல் சட்டமாயிற்று. அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இவையெல்லாம் நாடறியும். நாம் கேட்பது வேறு. முத்துலட்சுமி படித்த ஆண்டுகளில் அந்தக் கல்லூரியின் தேர்ச்சி விழுக்காடு என்ன? எவருக்கு நினைவிருக்கிறது? எவர் கவலைப்பட்டார்? நூறு ஆண்டுக்குப் பின்னும் அந்தக் கல்லூரியை நாம் பேசுவது, அது எவருக்குக் கதவைத் திறந்தது என்பதற்காக. அன்று எதிர்த்தவர் சொன்னதும் என்ன? 'எங்கள் பேர் கெட்டுவிடும்' என்பதுதானே! தேங்காய் உரிப்பவரிடம் 2024இல் கூறப்பட்ட அதே நான்கு சொற்களை ஒட்டிய வார்த்தை.

அந்தத் திறந்த கதவின் வழி, இன்று மாவட்டத்திலேயே வேறோர் ஊருக்கும் வந்திருக்கிறது. கீரமங்கலம். பூவும் வெற்றிலையும் தென்னையும் பலாவும் விளையும் பகுதி. அங்குள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து உழவர் வீட்டுப் பெண்கள், கூலிக்காரர் வீட்டுப் பெண்கள், ஒருவர் இருவரல்லர், மருத்துவக் கல்லூரிக்குச் சென்றிருக்கின்றனர். 2020 அக்டோபரில் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் பயன் அது. அந்த ஒதுக்கீட்டால் முதலாண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. அதற்கு முந்திய ஆண்டோ, தமிழ்நாடு முழுவதிலும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஓராண்டில் பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிட்டதா? ஆசிரியர்கள் மாறிவிட்டனரா? இல்லை. கதவு திறந்தது. அவ்வளவே.

மதிப்பெண்ணை மட்டும் நம்பியிருந்த காலத்திலும் இந்தக் கதவு ஏழைக்கு அகலத் திறந்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நுழைவுத்தேர்வை ஒழித்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே அளவாகக் கொண்ட ஆண்டுகளில், பதினொன்றாம் பாடத்தை விழுங்கிய உறைவிடப் பள்ளிகளே பெரும்பங்கை அள்ளின. அதையும் மீறி மேலே வந்தவர் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1200க்கு 1176. அவர் அந்த எண்ணைப் பெற்ற 2017இல்தான் அந்த எண் செல்லாது, நீட் மதிப்பெண்தான் செல்லும் என்றனர். உச்சநீதிமன்றம் வரை சென்று பார்த்தார். செப்டம்பர் முதல் நாள் அவர் வாழ்வு முடிந்தது. ஆண்டுக்கணக்காய் 'எண், எண்' என்று ஏழையை விரட்டினீர்களே. அந்த எண்ணை அவள் கையில் ஏந்தி வந்தபோது, நாணயமே மாறிவிட்டது என்று கதவைச் சாத்தினீர்களே! பலகைக்காரர்கள் மட்டும் கவலைப்படவில்லை. மறு ஆண்டே நீட் பயிற்சிக்கும் ஒரு பலகை எழுதி மாட்டினர்.

கீரமங்கலத்துக்கே திரும்புவோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாய் நின்ற தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரமில்லாமல் ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்தப் பிள்ளைகள் அடுத்த மார்ச்சிலே பொதுத்தேர்வு எழுதினர். நான்கு திங்கள்! வீட்டுக்கூரை இல்லாதவனும், மெட்ரிக் பள்ளி விடுதியில் மின்விசிறிக்கடியில் படித்தவனும் ஒரே வினாத்தாளை எழுதினர். ஒரே பட்டியலில் நின்றனர். அந்த ஆண்டின் விழுக்காட்டைப் புரட்டிப் பாருங்கள். புயலைப் பற்றி அதில் ஒரு புள்ளி இருக்கிறதா? நம் தேங்காய்த் தொழிலாளியும் அந்தப் புயலின் மிச்சம்தான். "நாப்பது மரம் எனக்கே இருந்துச்சு. இப்ப அடுத்தவுக காயை உரிக்கிறேன்" என்றார். நாற்பது மரமும் போன பிறகுகூட அந்தப் பலகைப் பள்ளிக்குக் கட்டணம் கட்டியிருக்கிறார் மனிதர்! வட்டிக்கு வாங்கித்தான்.

அவர் மனைவி 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின் வகுப்பில், சிறுமியாக இருந்தபோது தன் தாயுடன் போய் அமர்ந்தவராம். புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்று, பல்லாயிரக்கணக்கில் சாலைக்கு வந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த இயக்கம் அது. அங்கே எவரும் எவரையும் 'உனக்கு வராது' என்று கூறித் திருப்பி அனுப்பவில்லை. பேரப்பிள்ளை எடுத்த கிழவியும் 'அ' எழுதினாள். அந்த மாவட்டத்தில், அந்தக் கிழவியின் பேரனிடம் 'உனக்குக் கணக்கு வராது, வெளியே போ' என்று கூறும் துணிவு ஒரு பள்ளிக்கு வந்திருக்கிறது.

நாம் அரசிடம் கேட்பது பெரிய காரியமன்று. பலகைகளைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் தேர்ச்சி எண்ணுக்கு அருகில் வேறு இரண்டு எண்களையும் அதே அளவு எழுத்தில் எழுதவேண்டும் என்று சட்டம் செய்யட்டும். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர். அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர். மாறிச் சென்றவர் எங்கே சென்றனர், ஏன் சென்றனர் என்பதைக் கல்வித் துறை ஏட்டிலிருந்து எடுத்து வெளியிடட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் கொடுத்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து பதிவு வைத்திருக்கிற துறைக்கு இது அரை நாள் வேலை. மாவட்ட வரிசையையும் அவ்வாறே மாற்றட்டும். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேரைக் கடைசி வரை கொண்டு சேர்த்தது என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தட்டும். அப்போது மேலே இருப்பவர் கீழே வருவரோ, கீழே இருப்பவர் மேலே செல்வரோ, பார்த்துவிடலாம். அதுவரை நம் இளைஞர்கள் ஒன்று செய்யலாம். தம் ஊர்ப் பலகையின் கீழே நின்று, தாளாளரிடம் மரியாதையாக ஒரே கேள்வி கேட்கலாம்: "ஐயா, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர்?"

தேநீர் ஆறிவிட்டது. அவர் எழுந்து, மண்டிப் பக்கம் ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதலாமாமே, எப்பன்னு தெரியுமா? ஆடிக்குள்ள வருமா?"

ஜூலையில் துணைத்தேர்வு வரும், இந்த வாரமே பள்ளிக்குச் சென்று விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றோம். நாளிதழின் ஓரத்தைக் கிழித்து அதிலே எழுதிக் கேட்டார்; எழுதிக் கொடுத்தோம். "கணக்கு வாத்தியாருக்குப் போன் அடிச்சுட்டான் அவன். லீவுதான், சாயங்காலம் வாடாண்டாராம்" என்று சொல்லி, அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பலகையின் நிழலைக் கடந்து போனார்.